கோழி குந்தியிருக்கிற ஹெல்மெட்

எங்க அத்த வூட்டுத் தாழ்வாரத்துல என் பழைய ஹெல்மெட் மல்லாந்து கெடக்கு. உள்ள வைக்கோல் போட்டு கோழி அடைக்குக் குந்தியிருக்கு. கல்லு பட்டு வெடிச்ச எடம் இன்னும் அப்படியே இருக்கு. அதப் பாத்தா இப்பல்லாம் என்னால தலை நிமிர முடியல.

ஆட்சி மாறுன வாரம் அது. குருவிநத்தம் பக்கம் எங்க ஊரு. மேலத் தெருவுக்குத் தலைவர் மில்லுக்காரர், தோத்த கட்சி. கீழத் தெருவுக்கு டிராக்டர்காரர், ஜெயிச்ச கட்சி. ஜெயிச்சவங்க தோத்தவங்க கொடிக்கம்பத்த அறுத்தாங்க. அவங்க பதிலுக்கு ஒரு பைக்க கொளுத்தினாங்க. அப்பறம் தெனமும் கல்லுதான். ஒரு பையனுக்கு மண்ட ஒடஞ்சி தையல் போட்டாங்க.

"அடுத்தது பொணம்தான் வுழும்"னு எங்கப்பாவோட அக்கா எழுந்துச்சு. அதுதான் எங்க அத்த. நடவு செட்டுக்குத் தலைவி. செட்டுல ரெண்டு தெருப் பொம்பளைங்களும் உண்டு. என் ஹெல்மெட்ட மாட்டிக்கினு ரெண்டு தலைவருங்க வூட்டுக்கும் மாறி மாறி நடந்துச்சு. நான் சும்மா இருப்பனா?

"இன்னா அத்த, ஐநா சபை கெளம்பிடுச்சா? வண்டி எங்க?"

"உன் வாய்க்கு மாட்டுற மாதிரி ஒன்னு வித்தா சொல்லுடா, மொதல்ல அத வாங்கறேன்."

"சமாதானம் பேச மொதல்ல அவன் வரட்டும்"னார் மில்லுக்காரர். டிராக்டர்காரரும் அதையேதான் சொன்னார். திரும்பி ரோட்ட கடக்கறப்ப கல்லு வந்து ஹெல்மெட்டுல வுழுந்துச்சு. எந்தத் தெருக் கல்லுன்னு அத்த திரும்பிக்கூட பாக்கல. பாத்தா ஒரு பக்கம் சாஞ்சிட்டன்னுவாங்களாம்.

மறுநாள் அத்த சொல்லி, ரெண்டு தலைவருங்க வயல்லயும் செட்டு எறங்கல. நாத்து முத்திக்கினு இருந்துச்சு. பொம்பளைங்களுக்குக் கூலி போச்சு, அத்த வூட்லயும் வெறும் கஞ்சி. ரெண்டு பேருக்கும் ஒரே சேதி சொல்லி அனுப்பிச்சு: "யாரும் மொதல்ல வர வாணாம்ண்ணே. விடிஞ்சதும் ஆளுக்கு ஒரு பக்கத்துலேருந்து வாய்க்கா மேட்டுக்கு வாங்க. ரெண்டு பேரும் ஒன்னா நின்னாதான் நடவு."

வந்தாங்க. கம்பத்த அறுத்தவங்களே நட்டாங்க. பைக்குக்குக் கொளுத்தினவங்களே பொறுப்பேத்துக்கினாங்க. அதுக்கப்பறம்தான் பொம்பளைங்க சேத்துல கால் வெச்சாங்க. கல்லு நின்னுச்சு.

போன மாசம் மில்லுக்காரர் டிராக்டர்காரர் கட்சியிலயே சேந்துட்டார். கோயில் தெடல்ல மேடை. ரெண்டு பேரும் ஒரே மாலைக்குள்ள. "அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் மனசு வுட்டுப் பேசி இந்த ஊரக் காப்பாத்தினோம்"னார் டிராக்டர்காரர். அத்த பேரு வரல. எனக்குப் பிரியாணி வந்துச்சு. விரல வாயில வெச்சி நான் வுட்ட விசிலுக்கு அவரு என்னப் பாத்துக் கைய ஆட்டினார். எனக்கு அப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

இன்னொரு பொட்டலத்த வாங்கிக்கினு அத்த வூட்டுக்குப் போனேன்.

"இன்னாடா பேசுனாங்க?"

"எப்பவும் பேசறதுதான் அத்த."

பொட்டலத்த வாங்கி ஓரமா வெச்சிச்சு. "இங்கயே மைக்கு சத்தம் நல்லா கேட்டுது. உன் விசிலு தனியா தெரிஞ்சிது."

ஹெல்மெட்டுல கோழி லேசா அசஞ்சி குந்திச்சு. அந்த வெடிப்பையே பாத்துக்கினு நின்னேன்.

"தள்ளி நில்லுடா, கோழி எந்திரிச்சிடப் போவுது"ன்னிச்சு அத்த.