சொட்டாத பெட்டி

தெருவில் அவருக்குப் பெயர் வாஷர். குழாய்க்குள் போடும் அந்தச் சின்ன ரப்பர் வளையம் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். சில்லறை இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கும். பிளம்பர்கள் ஒழுகும் குழாய்களால் பிழைப்பவர்கள். அவற்றை மனதாரப் பகைக்கிற பிளம்பர் அபூர்வம். வாஷர் பகைத்தார். ஊரில் ஒரு குழாய்கூடச் சொட்டக் கூடாது என்பது அவர் ஆசை. அது நிறைவேறினால் உங்கள் வீட்டு அடுப்பு எரியாதே என்று யாராவது எடுத்துச் சொன்னால், "அதை அப்பப் பாத்துக்கலாம்" என்பார்.

விருந்துக்குப் போனாலும் சரி, துக்கத்துக்குப் போனாலும் சரி, கைகழுவப் போன இடத்தில் குழாய் சொட்டிவிட்டால் மனிதர் லேசில் திரும்பி வரமாட்டார். மனைவியின் பெரியப்பா இறந்த அன்று கூடத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு மெயின் வால்வை மூடிவிட்டார். அழுது களைத்தவர்களுக்கு வாய் நனைக்க ஒரு டம்ளர் தண்ணீர் இல்லை. மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை. பெரியப்பாவைத்தான் ஏறக்குறைய மறந்துவிட்டார்.

மனைவி பல வருடம் தன் அண்ணன் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர். பலசரக்கு, சோப்பு, குளிர்பானம் எல்லாம் விற்கிற கடை. வேலை கஷ்டமில்லை. ஆனால் தெரிந்தவர் யார் வந்தாலும் அண்ணன், "நம்ம தங்கச்சிதான். வீட்ல சும்மாதான் கெடந்துச்சு, நான்தான் கூப்பிட்டு உக்கார வச்சேன்" என்று அறிமுகம் செய்வார். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்த ஒருநாள், வேலையை விட்டுவிட்டு, தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத ஒரு சாமான் அறையை வாடகைக்கு எடுத்தார் தங்கை. அதில் முட்டைக்கோஸ்போல உருண்டு மூடும் லெட்டூஸ் கீரை வளர்க்கப் போவதாக அறிவித்தார். மண் கிடையாது, வெயில் கிடையாது. அடுக்கு அடுக்காகத் தட்டுகள், தட்டுகளில் உரம் கலந்த தண்ணீர், மேலே விளக்கு.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெளிய சூரியன் சும்மா எரியுது. இவ கதவைச் சாத்திக்கிட்டு லைட்டு போட்டுச் செடி வளக்கப் போறாளாம்!"

கேலி முழுக்க அநியாயமானதில்லை. சூரியனை வெளியே நிறுத்திவிட்டு விளக்கு வாங்க வேண்டும். விளக்கு சூடு தரும். அந்தச் சூட்டை வெளியேற்ற இன்னொரு இயந்திரம் வாங்க வேண்டும். நாகரிகம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த வகைதான்: ஒன்றை அடைத்துவிட்டு, அடைத்ததால் வந்த தொல்லைக்கு மருந்து தேடுவது.

மருந்து தேடும் பொறுப்பு வாஷரிடம் வந்தது. எல்லோரும் ஏசி மாட்டச் சொன்னார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. "காத்தைக் கொண்டு சூட்டை அள்ளுறது சல்லடையில தண்ணி அள்ளுற மாதிரி. ஒரு வாளித் தண்ணி தூக்குற சூட்டை ஒரு அறைக் காத்து தூக்காது" என்றார். மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து பழைய சில்லர் ஒன்றைக் கொண்டுவந்தார். தண்ணீரைக் குளிரவைத்துக் கொடுக்கும் இயந்திரம் அது. அதைப் பின்பக்கச் சந்தில் நிறுத்தி, அங்கிருந்து குழாய் இழுத்து, அறையின் கூரையில் தொங்கிய ஒரு பெட்டிக்குள் விட்டார். பெட்டிக்குள் பாம்புபோல மடித்த செம்புக் குழாய். அதன் பின்னால் மின்விசிறி. குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்து, அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும். சில்லர் அந்தச் சூட்டைச் சந்தில் கொட்டும். அங்கே வழக்கமாகப் படுத்திருந்த நாய் எதிர்ச் சந்துக்குக் குடிபெயர்ந்தது. மற்றபடி எல்லோருக்கும் திருப்தி.

செடிகள் அப்படிச் செழித்து வந்தன. ஒரு மாணவர் விடுதியின் தலைமைச் சமையல்காரம்மா வந்து பார்த்து, விளைகிறதையெல்லாம் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அறை வாடகை அந்த விடுதியை நம்பித்தான் நின்றது.

ஆனால் வாஷருக்கு ஒரு குறை. பெட்டி சொட்டியது.

அது ஒழுகல் இல்லை என்பது அவருக்குத் தெரியும். குளிர்ந்த செம்பில் காற்றின் ஈரம் படிந்து வேர்க்கிறது. கீழே உள்ள தகட்டில் விழுந்து, ஒரு ரப்பர் குழாய் வழியாக வாளியில் சொட்டுகிறது. கோளாறு இல்லை, இயல்பு. ஆனால் சிகரெட் கெடுதல் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்களா என்ன? தான் பூட்டிய குழாயிலிருந்து, தன் சொந்த மனைவியின் அறையில், நாள் முழுக்க டொக் டொக் என்று ஒரு சத்தம். யாராவது அறைக்குள் வந்தால் அவர் முந்திக்கொண்டு, "இது லீக் இல்ல, வேர்வை" என்பார். கேட்டவர்கள் "சரி சரி" என்று தலையாட்டும் விதத்திலேயே அவர்கள் நம்பவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

மனைவி விடுதிக்கு லெட்டூஸ் கொடுக்கப் போன ஒரு மத்தியானம் அவர் காரியத்தில் இறங்கினார். சில்லரின் திருகை நகர்த்தி, தண்ணீரின் குளிரைக் கொஞ்சம் குறைத்தார். வால்வை அகலத் திறந்து ஓட்டத்தைக் கூட்டினார். மிகக் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சமாக அனுப்புவதற்குப் பதில், சற்றே குளிர்ந்த தண்ணீரை நிறைய அனுப்பும் யோசனை. சுவரிலிருந்த வெப்பமானி அசையவில்லை. சொட்டு தயங்கியது, இடைவெளி விட்டது, நின்றது. அவர் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. ஒட்டடை அடித்ததை யாராவது அறிவிப்பார்களா?

அடுத்த விளைச்சல் பார்வைக்கு முன்னைவிட அழகு. விடுதியில் சமையல்காரம்மா ஒன்றைப் பிளந்தார். உள்ளே இருந்த இளந்தளிர்களின் ஓரமெல்லாம் தீக்குச்சி காட்டியதுபோல் கருகியிருந்தது.

"மேல பாத்தா மாப்பிள்ளை, உள்ள பாத்தா பீடித்துண்டு. இதை எப்படிம்மா பிள்ளைங்களுக்குப் போடுறது?" என்றார். பிறகு, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பாக்குறேன். அதுவும் இப்படியே இருந்தா நான் பழைய ஆள்கிட்டயே வாங்கிக்கறேன். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடுதி போனால் வாடகை போகும். வாடகை போனால் அறை போகும். அறை போனால், அண்ணன் கடையில் அந்த நாற்காலி அப்படியே இருக்கிறது. விளக்குகளை உயர்த்திக் கட்டினார். உரத்தை மாற்றினார். செடிக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை என்றால் இப்படிக் கருகும் என்று படித்து, அதையும் கூட்டினார். புதுத் தளிரும் கருகியது. "கருகுதுன்னா சூடு இருக்கணும். ரூம் ஜில்லுன்னு இருக்கு. அப்புறம் எது கருக்குது?" என்று வெப்பமானியைப் பார்த்தே கேட்டார். அது பழைய பதிலையே சொன்னது.

வாஷருக்கு வேறொரு புதிர். வாழ்நாள் முழுக்க அவர் நம்பிய கணக்கு ஒன்று உண்டு: உள்ளே போன தண்ணீர் எங்காவது வெளியே வந்தாக வேண்டும். தட்டுகளுக்குத் தண்ணீர் தரும் தொட்டியில் தினமும் தண்ணீர் குறைகிறது. முன்பு வாளி நிறைந்தது. இப்போது எங்கும் ஒரு சொட்டு இல்லை. அப்படியானால் போவது எங்கே? "எங்கயோ லீக்" என்று முடிவு கட்டி, டார்ச்சோடு தட்டுகளுக்கு அடியில் தவழ்ந்தார். தரையெல்லாம் செய்தித்தாள் விரித்து, நனைகிறதா என்று பார்த்தார். தாள் நனையவில்லை, ஆனால் துவைத்துப் போட்ட துணிபோலத் துவண்டு கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு தரைக்கல்லைப் பெயர்த்தார்.

"என் செடி செத்துக்கிட்டிருக்கு, நீங்க தரையை ஒடைச்சுக்கிட்டு இருக்கீங்க."

"தொட்டியில தண்ணி கொறையுதும்மா. எங்க போகுதுன்னு பாக்க வேணாமா?"

"கொறையுதா? முன்ன மாதிரி கொறையவே இல்ல. செடி சரியா குடிக்கவே மாட்டேங்குதுன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன்!"

தண்ணீர் போகிறதே என்று கணவருக்குக் கவலை. போதுமான அளவு போகவில்லையே என்று மனைவிக்குக் கவலை. இருவரும் பார்த்தது ஒரே தொட்டியைத்தான். இரண்டு பேர் சொன்னதும் சரி என்பதுதான் இதில் வேடிக்கை.

இந்த நிலையில் ஒரு காலை நேரம் அண்ணன் வந்தார். ஆறுதல் சொல்லவும், கூட்டிக்கொண்டு போகவும். கையில் கடைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடி பாட்டில் ஒன்று. அதை மேசைமேல் வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆசைப்பட்ட, செஞ்சு பாத்த. ஒண்ணாம் தேதியிலிருந்து வந்துடு. நாற்காலிக்குப் புதுசா குஷன்கூடப் போட்டிருக்கேன்."

வாஷர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உடம்பெல்லாம் முத்து முத்தாக நீர் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக வழிந்து மேசையில் குளம் கட்டியது. அவர் துண்டால் துடைத்தார். மறுபடி பூத்தது. எடுத்துக் கவிழ்த்து மூடியைப் பார்த்தார்.

"மச்சான், உங்க பாட்டில் ஒழுகுது."

"மாப்பிள்ளை, அது ஒழுகல. வேர்க்குது. பச்சைக் குழந்தைக்குத் தெரியும்."

"வேர்வைதான். எனக்குத் தெரியாதா? ஆனா இவ்வளவா? உங்க கடையில இப்படி வேர்க்குமா?"

"கடையில இவ்வளவு வேர்க்காது" என்று அண்ணன் ஒத்துக்கொண்டார். "இங்கதான் என்னமோ மழைக்கு முன்னாடி மாதிரி புழுக்கமா இருக்கே."

"புழுக்கமா? ஜில்லுன்னுல்ல இருக்கு?"

"ஜில்லுன்னுதான் இருக்கு. ஜில்லுன்னு ஒரு புழுக்கம்."

வாஷர் நிமிர்ந்து கூரையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "இந்த பாட்டில் இப்படி வேர்க்குதுன்னா, என் பெட்டியும்ல வேர்க்கணும்? நான் நிறுத்தலைன்னா..."

மனைவி மெல்லத் திரும்பினார். "எதை நிறுத்துனீங்க?"

"சொட்டுறதை."

"எப்ப?"

"நீ விடுதிக்குக் கடைசியா நல்ல சரக்கு கொண்டு போனியே, அன்னைக்கு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நல்லது செஞ்சதுக்கெல்லாம் சொல்லிட்டா இருப்பாங்க?"

மனைவி, யாருக்கோ விளக்குவதுபோல, தனக்கே சொல்லிக்கொண்டார். வேர் குடிக்கிற தண்ணீரை இலை மூச்சாக வெளியே விடுகிறது. அப்படி வெளியே விட்டால்தான் கீழிருந்து புதுத் தண்ணீர் ஏறும்; சத்து அந்தத் தண்ணீரில் ஏறிக்கொண்டுதான் தளிருக்குப் போக வேண்டும். காற்றே ஈரத்தால் நிறைந்திருந்தால் இலை எங்கே மூச்சு விடும்? தண்ணீர் ஏறாது. உள்ளே மூடிக் கிடக்கிற தளிர்தான் முதலில் பட்டினி. கருக்கியது சூடு இல்லை, ஈரம். "நான் உரத்துல கொட்டிக் கொட்டிப் பாத்தேன். வண்டியே ஓடல, சரக்கை ஏத்தி என்ன பண்ண?"

"அப்ப அந்த வாளித் தண்ணி..." என்றார் வாஷர்.

"செடி விட்ட மூச்சு. உங்க பெட்டி அதைப் புடிச்சு வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சு. நீங்க அதோட வாயைக் கட்டிட்டீங்க."

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு மாப்பிள்ளை" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். தான் கொண்டுவந்த பாட்டிலால் தன் கல்லாவுக்கு ஆள் இல்லாமல் போகக்கூடும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

வாஷர் சந்துக்குப் போனார். கூடவே வந்த மனைவி, "நான் திருகட்டா?" என்று கேட்டார். "வேணாம்" என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டை வரவழைப்பதற்காக அவர் திருகிய முதல் திருகு அது. தண்ணீர் குளிர்ந்தது. அறையில் செம்பு மங்கியது, நனைந்தது. டொக் என்றது. அவர் பல்வலிக்காரர்போல ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வாளியை நிமிர்த்தி வைத்தார்.

வளர்ந்த செடிகளை இனிக் காப்பாற்ற வழியில்லை. கருகிய ஓரம் மறுபடி பச்சையாகாது. கடைசி அடுக்கில் இன்னும் மூடிக்கொள்ளாத இளஞ்செடிகள் இருந்தன. இனி எல்லாம் அந்த ஓர் அடுக்குத்தான். வாஷருக்கு இதற்கிடையில் ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. கடையிலிருந்து பாட்டில்களாக வாங்கிவந்து அறையின் மூலைக்கு ஒன்றாக நிறுத்தி, எது முதலில் வேர்க்கிறது என்று பார்த்தார். தட்டுகளின் நடுவில் இருந்த பாட்டிலுக்கு வேர்வை அதிகம் என்று கண்டு, அங்கே ஒரு சின்ன விசிறி வைத்தார். வேலை முடிந்த பாட்டில்களைக் கட்டடத்துப் பிள்ளைகள் குடித்துத் தீர்த்தார்கள்.

சமையல்காரம்மா சொன்னபடி வந்தார். மனைவி கத்தியை நீட்டினார். சமையல்காரம்மா முதல் லெட்டூஸைப் பிளந்தார். உள்ளே ஒரு தளிரின் ஓரத்தில் நூலிழைபோல ஒரு பழுப்புக் கோடு.

"இதென்ன?" என்றார் சமையல்காரம்மா.

வாஷர் முன்னால் வந்தார். "அது என்னால வந்ததுங்க. அடுத்ததைப் பாருங்க."

அடுத்தது பிளந்தது. பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. சமையல்காரம்மா நடுத்தளிர் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். அறை முழுக்க அவர் மெல்லுகிற சத்தம் கேட்டது. தானாகவே குனிந்து ஒரு மூலைச் செடியைப் பிடுங்கி அதையும் பிளந்தார். அதுவும் பச்சை.

"எப்பவும் போல அனுப்பிடுங்க" என்றார். வாசலுக்குப் போனவர் திரும்பி, "மேல என்னமோ சொட்டுதே, பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"சொட்டட்டுங்க" என்றார் வாஷர்.

சமையல்காரம்மா போனதும் மனைவி அண்ணனுக்குப் போன் செய்தார். கல்லாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன், "சரி. கடைக்கும் கொஞ்சம் லெட்டூஸ் குடுப்பியா? கேக்குறாங்க" என்றார்.

"விடுதிக்குப் போக மிச்சம் இருந்தா சொல்றேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு, மனைவி அடுத்த தட்டில் விதை போட உட்கார்ந்தார்.