பாஸ்கர் பாயில் படுத்துப் படித்த இங்கிலீஷ்

நெட்டுக்குப்பத்து பாஸ்கருக்கு நாற்பத்து நாலு வயதில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் ஒரு வெள்ளைக்காரன். காட்டிலும் மலையிலும் தனியாகத் திரிந்து, கையில் கிடைத்ததையெல்லாம் சுட்டுத் தின்கிற வீடியோக்காரன். மரப்பட்டையை உரித்துப் புழுவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு "க்ரஞ்சி" என்பான். கீழே தமிழில் மொறுமொறு என்று எழுத்து ஓடும். பாஸ்கர் அந்த இடத்தைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்பான்.

ஆசைக்குப் படித்த படிப்பு இல்லை அது. விடிகாலை ஷிப்டுக்குப் போய் அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் ஆளாகச் சாம்பல் வாரிவிட்டு, மத்தியானம் வீடு வந்து, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத சாம்பலோடு பாயில் விழுகிறவனுக்குத் தூக்கம்தானே வேண்டும்? கண் சொக்கும். கைப்பேசி மூக்கின் மேல் விழும். வலியில் விழித்து மறுபடி தூக்கிப் பிடிப்பான். பார்க்கிறவர்களுக்கே அலுப்பாக இருக்கும்.

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி ஆள் எடுக்கப்போவதாகச் சேதி வந்திருந்தது. கப்பல் துறைக்குள் வந்ததும் அதன் பெரிய கயிறுகளைச் சின்னப் படகில் வாங்கிக்கொண்டுபோய்க் கரையில் மாட்டுகிற வேலை. வயது நாற்பத்தைந்து ஆகியிருக்கக்கூடாது. படகும் நீச்சலும் பாஸ்கருக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. ஆனால் கப்பல் மேலேயிருந்து கத்துகிறவன் இங்கிலீஷில்தான் கத்துவான், அதனால் நேர்காணலும் இங்கிலீஷில்தான் என்றார்கள்.

ஆற்றில் சாம்பலும் எண்ணெயும் கலந்து, மடவை மீனும் இறாலும் ஒதுங்கிப்போன பிறகு வலையைச் சுருட்டிப் பரணில் போட்டவன் அவன். ஆறு வருஷமாகத் தரையில் வேலை. கண்ணுக்கு எதிரே தண்ணீர் கிடக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தினமும் ஷிப்டுக்குப் போவது அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. கிழவனாவதற்குள் மறுபடி தண்ணீர் மேல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. இதைவிட்டால் அடுத்த வருஷம் வயது ஏறிவிடும்.

வீட்டில் இருந்ததோ ஒரே கைப்பேசி. அவன் பெண்டாட்டி அங்கம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூடை சுமந்து விற்றுவிட்டு வந்து, காலை நீட்டிச் சமையல் வீடியோ பார்ப்பவள். ஒருநாள் அவள் சமையல், ஒருநாள் அவன் காடு என்று பேசி முடித்துக்கொண்டார்கள். அவள் முறை வரும் நாளிலும் அவன் விடவில்லை. ஃப்ரை, ஸ்லைஸ், ஃப்ரெஷ் எல்லாம் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பொறுக்கியவை. நெத்திலி வறுவலை க்ரிஸ்பி என்றான், புளிக்கிற ரசத்தை சவர் என்றான், பாசி பிடித்த குழாயடியை ஸ்லிப்பரி என்றான். ரெண்டு மாதம் பொறுத்தவள் ஒருநாள் கேட்டாள்.

"தனியா கீறேன், தனியா கீறேன்றானே அந்த ஆளு, அவனைப் படம் புடிக்கிறவன் யாரு? அவனுக்குச் சோறு யாரு போடுறா?"

பாஸ்கரை உறுத்தியது வேறு. ஆற்றைக் காட்டுகிற வீடியோ ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளைக்காரன் ஒரு பாடம் சொல்வான்: எவனாவது தண்ணீரில் விழுந்தால் டோன்ட் ஜம்ப், த்ரோ தி ரோப். குதிக்காதே, கயிறு போடு. பாஸ்கருக்கு அது மனப்பாடமாகிவிட்டது. ஆனால் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும், போடா என்று வாய்க்குள் முனகுவான்.

காரணம் பரசுராமன், அங்கம்மாவின் அண்ணன். இருபது வருஷத்துக்கு முன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, காலில் வலைக்கயிறு சுற்றி பாஸ்கர் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்துப் படகிலிருந்து குதித்தவர். ஆளை மேலே கொண்டுவந்துவிட்டார். ஆனால் படகுக்கும் பாறைக்கும் நடுவில் அவருடைய வலது தோள் நசுங்கிவிட்டது. அதன்பிறகு அவரால் வலை வீச முடியவில்லை. உட்கார்ந்து ஊரார் வலையை முடிகிறார். குப்பத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. ஒருத்தன் விழுந்தால் பார்த்தவன் குதிக்க வேண்டும். ஆள் கிடைக்கிறவரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நேர்காணலுக்குத் துணைக்கு வந்ததும் அவர்தான். கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, தைரியமாகப் போய் வா மாப்ள என்று அனுப்பினார்.

உள்ளே அதிகாரி வடக்கத்திக்காரர், நிதானமான மனுஷன். பேர், ஊர், தொழில் கேட்டார். பாஸ்கர் சொன்னான். கயிறு நனைந்தால் என்ன ஆகும் என்றார். ஹெவி சார், ஸ்லிப்பரி சார் என்றான். நீரோட்டம் திரும்பினால் என்றார். கரன்ட் ஸ்ட்ராங், கோ ஸ்லோ என்றான். எந்தச் சொல்லும் அவனைக் கைவிடவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே தாளில் குறித்தார். பாஸ்கருக்குக் காலடியில் படகு ஒன்று மெல்ல அசைவதுபோல இருந்தது.

கடைசியாகக் கேட்டார், கூட வேலை செய்கிறவன் தண்ணீரில் விழுந்தால் நீ என்ன செய்வாய் என்று.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ரெண்டு மாதமாக மூக்கில் கைப்பேசி விழ விழப் படித்த பதில். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த டீக்கடையில், இடது கையால் டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டிருந்தார் பரசுராமன்.

"ஐ ஜம்ப் சார்," என்றான்.

அதிகாரி நல்லவர். யோசித்துச் சொல் என்று இன்னொரு தரம் கேட்டார். மிதவை வளையம் போடமாட்டாயா, சத்தம் கொடுக்கமாட்டாயா என்று எடுத்தும் கொடுத்தார்.

"யெஸ் சார். ரிங் த்ரோ. ஷவுட். தென் ஐ ஜம்ப்."

அவர் பேனாவை மூடினார். குதித்தவனையும் சேர்த்து ரெண்டு பிணம் எடுத்த அனுபவம் தனக்கு உண்டு, குதிக்கிற ஆளைப் படகில் ஏற்ற முடியாது என்று மெதுவான இங்கிலீஷில் விளக்கினார். அவர் சொன்னதும் நியாயம்தான். பாஸ்கருக்கு ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை. அன்றைக்கு அதுதான் கொடுமை.

வெளியே வந்தபோது உடம்பு ஷிப்டு முடிந்ததுபோல் கனத்தது. அழுகை வந்தது, அழவும் தெம்பில்லை. பரசுராமன் எழுந்து வந்தார்.

"இன்னா மாப்ள, இன்னா சொன்னான்?"

பாஸ்கர் ரோட்டைப் பார்த்தான். நிலக்கரி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"இங்கிலீசு பத்தலைன்னுட்டான் மச்சான்."

"ரெண்டு மாசமா அந்த வெள்ளக்காரனையே பாத்துகினு கெடந்தியே, ஒண்ணுமே ஏறலியா?"

"ஏறல."

பரசுராமன் உச்சுக்கொட்டினார். நம்ம மண்டைக்கு அதெல்லாம் எங்கே ஏறும், விடு என்றார். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பாஸ்கர் முதலில் ஏறிக்கொண்டு, திரும்பிக் குனிந்து, அவருடைய இடது கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான்.