கமலேஷ் வீட்டு மொட்டைமாடியில் காற்று மிஷின்

எங்கள் தெருவில் கமலேஷைப் போல ஏமாந்தவள் யாரும் கிடையாது. ஏமாற்றியவன் வெளியாள் என்றால் நானும் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி ஓம்வீர். எங்கள் வார்டு கவுன்சிலர். அவனுக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினவளே கமலேஷ்தான்.

தில்லியின் இந்தக் கோடியில், செம்பு எடுப்பதற்காக பழைய வயரை எரிக்கும் கொட்டகைகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அந்தப் புகை மேலே போகாது, தெருவிலேயே படுத்துக்கொள்ளும். கமலேஷின் மகள் சுமனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கமலேஷ், கொட்டகைகளை மூடச் சொல்லி வழக்குப் போட்டாள். முதலில் காற்றை அளந்து காட்டுங்கள் என்றார் நீதிபதி. ஓம்வீர் அங்கே இங்கே பேசி, அளக்கிற மிஷினை அக்கா வீட்டு மொட்டைமாடியிலேயே வைக்கச் செய்தான்.

அன்றைக்கு அவள் பண்ணின அமர்க்களம் இருக்கிறதே! மிஷினுக்குக் குங்குமம் வைத்தாள், தேங்காய் உடைத்தாள், திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள்.

"தீதி, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி பாத்துக்கோ. தூசி பட்டா கெட்டுப்போயிடும். காலையிலயும் சாயங்காலமும் சுத்தித் தண்ணி தெளி. டேங்கர் நான் அனுப்பறேன்" என்று அக்காவிடம் சொன்னான் ஓம்வீர்.

தெளித்தாள், தெளித்தாள், அப்படித் தெளித்தாள். மாடி, சந்து, எதிர்வீட்டுச் சுவர், எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தன. பக்கத்து மாடியில் நான் மிளகாய் வறுத்தால் சண்டைக்கு வருவாள்.

"ஏய் ராஜ்பாலா, அடுப்ப அணைடி! மிஷினுக்கு நெடி ஏறப்போகுது!"

"உன் மாப்பிள்ளைக்கு இருமல் வந்தா கஷாயம் வெச்சுக் குடு!" என்பேன். ஆனாலும் அடுப்பை அணைத்துவிடுவேன். சுமனுக்காகத்தானே.

தீர்ப்பு நாளில் எல்லோரும் போனோம். மிஷின் காட்டிய கணக்குப்படி அங்கே காற்று நன்றாகவே இருக்கிறதாம். வழக்கு தள்ளுபடி. கமலேஷுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே டீக்கடையில் எங்கள் வக்கீல்தான் விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கிவிடும், அந்தச் சுத்தமான காற்றைத்தான் மிஷின் அளக்கும். கமலேஷ் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் ஓம்வீர் கொட்டகை முதலாளியின் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தான். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நீதானேடா தண்ணி தெளிக்கச் சொன்ன?"

"மிஷினை நான் தொட்டேனா?" என்று சிரித்தான் அந்தப் பாவி. "தெளிச்சது நீதானே தீதி. விடு. நம்ம ஏரியா காத்து சுத்தம்னு கோர்ட்டே சொல்லிடுச்சு."

கமலேஷ் சட்டையை விட்டாள். கத்தவில்லை.

"அப்படின்னா உன் பொண்ண எதுக்குடா மலைமேல முசூரி ஹாஸ்டல்ல சேத்த? இங்க இருக்கற காத்து குழந்தைக்கு ஒத்துக்கலன்னு நீதானே எங்கிட்ட வந்து அழுத?"

ஓம்வீர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.