ஹாரன் ஊமையான சாயங்காலம்

இதைக் கதை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். “கதையா? என் வீட்டு முன்னறையில, லைட் எரிஞ்சுக்கிட்டு இருக்கறப்ப நடந்தது” என்பாள். பொய் சொல்கிறவள் அல்ல. பல வருடமாக பஸ் கண்டக்டர். முன்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் பின்படியில் தொங்குகிறவன் உள்ளே வந்துவிடுவான். பயம் என்பது அவள் வண்டியில் டிக்கெட் வாங்கி ஏறியதே இல்லை.

அப்போது பிரசவ விடுப்பில் இருந்தாள். தலைச்சன் பிள்ளை, பிறந்து மூன்று வாரம். அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்தும் கொஞ்ச நாள்தான். பிள்ளைக்கு அவன் அப்பா வைத்த செல்லப்பெயர் ஹாரன். காரணம், அவன் அழுகை.

பகலெல்லாம் சமர்த்து. சாயங்காலம் ஐந்தரை ஆனால் ஆரம்பித்துவிடுவான். முகம் செக்கச்செவேலென்று சிவக்கும். கைகள் முஷ்டியாகும். வயிறு உப்பிக்கொள்ளும். முழங்கால் இரண்டும் வயிற்றை நோக்கி மடங்கும். இருட்டிய பிறகும் ஓயமாட்டான். அவள் கணவனுக்கு ரொட்டிக் கம்பெனியில் மாலை ஷிப்ட். அவள் ஒருத்திதான் சமாளிக்க வேண்டும்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். “உனக்குப் பால் பத்தலை” என்று போனில் மாமியார். “நீ கண்டதையும் சாப்பிட்டிருப்பே” என்று எதிர்வீட்டுக்காரி. கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் வாய் திறக்கவில்லை. கம்பை எடுத்துத் தன் வீட்டு மேல்தளத்தை இடித்தார். டொக்... டொக்... டொக்... அவளும் விடவில்லை. குதிகாலால் தரையை ஓங்கி மிதித்துப் பதில் சொன்னாள்.

குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பயப்பட ஒண்ணுமில்லம்மா. இவன் குடல் இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கு. பாலோட காத்தையும் சேர்த்து முழுங்கறான். குடிச்சதும் தோள்ல நிமிர்த்திப் போட்டு ஏப்பம் வரவைங்க. காலைப் பிடிச்சு மெதுவா சைக்கிள் மிதிக்க வைங்க. மூணு நாலு மாசத்துல தானா அடங்கிடும்.”

“அதுவரைக்கும் இப்படியேதான் கத்துவானா?”

“கத்தட்டுமே. கத்தற பிள்ளைக்குத் தெம்பு இருக்குன்னு அர்த்தம். ஆனா காய்ச்சல், பச்சையா வாந்தி, பால் குடிக்காம துவண்டு போறது... இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஓடி வந்துடுங்க.”

மறுநாள் சாயங்காலம். ஹாரனைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள். அவன் வீறிட்டுக்கொண்டிருந்தான். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம்.

ஷ்ஷ்ஷ்...

குழாய் ஒழுகுகிறது என்று நினைத்தாள். ஹாரன் டக்கென்று நிறுத்திவிட்டான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. உடம்பு மட்டும் தோளில் விறைத்து விறைத்துத் துள்ளியது. ஏப்பம் வரப்போகிறது போல, என்று தட்டிக்கொண்டே நடந்தாள்.

அடுத்த நாளும் அதே. ஷ்ஷ்ஷ்... இந்த முறை சமையலறை வாசலில். போய்ப் பார்த்தாள். குழாய் மூடியிருந்தது. அடுப்பு எரியவில்லை. ஹாரனிடமிருந்து சத்தமே இல்லை. கீழே கம்பும் ஓய்ந்திருந்தது. அமைதி கிடைத்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அவனைக் கட்டிலில் மல்லாத்திக் கிடத்தி, கால்களைப் பிடித்து சைக்கிள் மிதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கத்தினான்.

ஷ்ஷ்ஷ்...

அவள் காதோரத்தில். ஈர மூச்சோடு.

ஹாரனின் குரல் அறுந்தது. குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

வாய் திறந்திருந்தது. அகலமாக. நாக்கு நடுங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. அவன் அழுதுகொண்டுதான் இருந்தான்...

சத்தம் மட்டும் இல்லை.

என் காதுதான் அடைத்துவிட்டதோ? இல்லை. ஃபேன் சத்தம் கேட்டது. தெருவில் ஸ்கூட்டர் போவது கேட்டது. அவள் வளையல் குலுங்குவதுகூடக் கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. முந்தைய இரண்டு நாளும் அவன் முகம் அவள் முதுகுப் பக்கம் இருந்தது.

அவன் நிறுத்தவே இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால்... வாயைப் பிளந்து... அழுதுகொண்டே இருந்திருக்கிறான்...

கோபம் கிளம்பியது. பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“யாரு நீ? வயிறு வலிக்குது, அழறான். அவனுக்குத் தெரிஞ்ச ஒரே பேச்சு அதுதான். வாயை மூடுன்னு சொல்ல நீ யாரு? அவன் குரலைக் குடு! குடுத்துட்டு இறங்கு! என் வீட்டை விட்டு இறங்கு!”

ஷ்ஷ்ஷ்...

இப்போது அவளைப் பார்த்து.

மறுபடி கத்த வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

ஒரு முனகல்கூட இல்லை. உள்ளறை வாசல் திரை, யாரோ மூச்சை இழுப்பதுபோல, மெல்ல உள்ளே போனது... நிலையில் ஒட்டிக்கொண்டது... அப்படியே நின்றது.

பின்வாங்கினாள். முதுகு சுவரில் இடித்தது. ஆணியில் அவள் யூனிபார்ம். அதன் பையில் விசில்.

குரலைத்தானே பிடுங்கினாய்? மூச்சு என்னுடையது.

பிள்ளையின் காதை உள்ளங்கையால் பொத்தினாள்.

ஊதினாள்.

பீப்... பீப்!

ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் கிளம்பு.

திரை தொப்பென்று விழுந்தது.

“ங்...ஙே...!”

ஹாரன்தான். கூடவே டர்ரென்று அவன் இடுப்புக்குக் கீழிருந்தும் ஒரு சத்தம். துணி நனைந்தது. அவள் சிரித்தாள், அழுதாள். இரண்டுமே சத்தமாக.

மறுநாள் டாக்டர் தொண்டையைப் பார்த்தார், எடை பார்த்தார். பிள்ளை நன்றாக இருந்தான். கணவன்தான் மிரண்டுபோய், “வேற வீடு பார்த்துடலாமா?” என்றான்.

“நான் எதுக்குப் போகணும்? போக வேண்டியதை அனுப்பியாச்சு.”

அவர்கள் வீடு மாறவில்லை. ஹாரன் சாயங்காலம் தவறாமல் கத்தினான். அவள் தட்டினாள், சைக்கிள் மிதிக்க வைத்தாள். யார் முகம் சுளித்தாலும் “அப்படித்தான் அழுவான்” என்றாள். நாலாம் மாதத்தில் தானாகவே அடங்கியது.

அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் தையல்காரர் அவளை நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்கணும்மா. அன்னைக்கு விசில் ஊதினீங்களே, உங்க வீட்டுக்கு எத்தனை குழந்தைங்க வந்திருந்தாங்க?”

“இவன் ஒருத்தன்தான்.”

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“உங்களுக்கு முன்னாடி இந்த மாடிக்குக் குடிவந்தவங்க எல்லாரும் ஒண்ணே சொல்வாங்கம்மா. இங்க வந்ததுமே எங்க குழந்தை அழறதை விட்டுடுச்சுன்னு. ராசியான வீடுன்னு பேரு. அன்னைக்கு உங்க விசில் ஓய்ஞ்சதும்... ஏழெட்டுக் குழந்தைங்க ஒண்ணா அழுதுச்சு. எல்லாம் பச்சைக் குழந்தைங்க குரல். படியில இறங்கி வந்துச்சு. நான் கதவைத் திறந்தேன். யாருமில்லை. அழுகை மட்டும்... என் முழங்கால் உயரத்துல... என்னைத் தாண்டித் தெருவுக்குப் போச்சு.”

அவள் கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. பிறகு ஹாரனைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“நல்லா சத்தமாத்தானே அழுதாங்க?”

“காது கிழிஞ்சுதும்மா.”

“அது போதும்” என்றாள்.