தெரியாத இடத்திலும் ‘ஓம்’ என்றேன்

ஒரு செருப்பு காலில் இல்லாமலே சந்தையிலிருந்து வீடுவரை நடந்து வந்தேன். வாசலில் மகள் சபீனா, “உம்மா, மத்தச் செருப்பு எங்க?” என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். “வார் அறுந்து போச்சு, எறிஞ்சிட்டன்” என்றேன். பொய். அது எங்கே கழன்றது என்று என் காலுக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) வந்து பதினான்கு வருடம். கிளினிக்குக்குப் போவேன், அங்கே தரும் குளிசையை விழுங்குவேன். காலைப் பற்றி மட்டும் யாரிடமும் கதைக்கவில்லை. நெல் அவித்துக் குத்தி விற்று, மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள் நான். நின்று உழைத்த கால் மரத்துப்போனது என்று எந்த வாயால் சொல்வது?

நிந்தவூரில் எங்கள் பக்கத்து இளம் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, சனிக்கிழமைகளில் மதரசா மண்டபத்தில் சீனி வருத்தக்காரரின் கால்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். டொக்டர் ஒருவர் அவர்களைப் பழக்கியிருந்தார். காலையில் ஆண்கள், பின்னேரம் பெண்கள். பெண்களுக்குப் பொறுப்பு ருஸ்னா, எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பிள்ளை, இருபது வயது. மீன்பிடிக்கிற தங்கூசி போன்ற ஒரு நைலோன் நூலால் உள்ளங்காலில் தொடுவாள். உணர்வு இருக்கிறதா என்று அறியும் சோதனை அது.

“மாமி, கண்ண மூடுங்க. நூல் படுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்க.”

மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. சுற்றிவரப் பெண்கள் இருந்தார்கள். கொஞ்சம் விட்டு, ஆமாம் தெரிகிறது என்பதுபோல “ஓம்” என்றேன். இன்னும் கொஞ்சம் விட்டு இன்னொரு “ஓம்”. ஐந்தாறு தரம் சொல்லியிருப்பேன்.

“மாமி, நான் இன்னும் தொடவே இல்லியே” என்றாள் ருஸ்னா.

பக்கத்தில் இருந்த ஹயாத்தும்மா, “அவ நிக்காஹுக்குச் சம்மதம் சொல்றா புள்ள, எழுதிக்கங்க!” என்றாள். மண்டபமே சிரித்தது.

“நேத்துப் பொறந்ததெல்லாம் எனக்குக் கால் பார்க்க வந்திட்டுதுகள்” என்று சொல்லி எழும்பிப் போனேன். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் போகவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை ருஸ்னா வீட்டுக்கே வந்துவிட்டாள். “எல்லாருக்கும் முன்னால சொன்னது என்ட பிழை மாமி. மன்னிச்சிக்கங்க. கால ஒருக்காப் பார்க்கட்டா?”

“ஏன், அதுல என்ன எழுதியிரிக்கி?”

“எழுதியிரிந்தா நின்ட இடத்திலேயே வாசிச்சிட்டுப் போயிரிப்பன் மாமி.”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு காலைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. சின்ன விரலுக்குக் கீழே புண், உள்ளே சீழ். என்ன குத்தியது, எப்போது குத்தியது, ஒன்றும் எனக்குத் தெரியாது. பிள்ளையின் முகம் மாறிவிட்டது. “சபீனா ராத்தா, ஓட்டோவக் கூப்பிடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“விரல எடுக்கணும் உம்மா. கால் தப்பும்” என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

“மூணு சனிக்கிழமைக்கு முந்தி வந்திருந்தா?” என்று கேட்டேன்.

அவர் என் காலை மெல்லக் கீழே வைத்தார். “சிலவேளை விரலும் தப்பியிருக்கும்.”

ருஸ்னா கதவடியில் நின்று அழுதாள். “அழாதீங்க மகள். பொய் சொன்னது நான்” என்றேன். அந்த வயதுவரை என் பிழையை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

விரலை எடுத்த புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது. மருந்து கட்டும் நாள், கட்டாத நாள் என்று இரண்டு நாள்கள்தான் அப்போது எனக்கு இருந்தன. நிலத்தில் குனிய முடியாமல் கதிரையில் உட்கார்ந்து தொழுதேன். ருஸ்னா வரும்போதெல்லாம் வாயைக் கிளறிச் சிரிக்க வைப்பாள்.

இப்போது அந்தப் பிள்ளைகள் மண்டபத்தில் திரை கட்டி, ஒவ்வொருவராகத்தான் பார்க்கிறார்கள். வெட்கப்பட்டு வீட்டில் இருக்கும் பெண்களே, போங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் என் காலைத் தொட நான் யாரையும் விட்டதில்லை. இப்போது அஸர் தொழுகைக்குப் பிறகு சபீனா அதைத் தன் மடியில் வைத்துத் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறாள். அவள் கை உள்ளங்காலில் இருப்பதை நான் கண்ணால்தான் அறிகிறேன். கணுக்காலைத் தாண்டி மேலே வரும்போதுதான் அதன் சூடு தெரிகிறது. அதுவரை பொறுத்திருக்கிறேன்.