ஆறு கவ்வாத்து

என் மகள் கணினிக்கு நிரல் எழுதுகிறவள். ஒருநாள் சாப்பிடும்போது, வேலையிடத்தில் யாரோ எழுதிவைத்த நிரலைத் திட்டிக்கொண்டிருந்தாள். எழுத்தாக வருவதை எண்ணாக மாற்றும் கட்டளையாம் அது. எத்தனை வருடம் என்ற கேள்விக்கு ஒருவர் "8 மாதம்" என்று எழுதினால், முன்னால் இருக்கும் எட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மாதத்தை விழுங்கிவிடுமாம். எட்டு வருடம் என்று பதிந்துவிடுமாம்.

"முழுசும் எண்ணா இருந்தாத்தான் எடுக்கணும். இல்லன்னா புரியலன்னு சொல்லணும். இது வாயே தொறக்காதும்மா" என்றாள்.

அந்தக் கட்டளையை நான் ஐம்பதுகளிலேயே நேரில் பார்த்திருக்கிறேன். கோட்டு போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

அப்போது நாங்கள் இலங்கையின் மலைநாட்டில், டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பா இறந்துபோயிருந்தார். அம்மா கொழுந்தெடுத்துத்தான் எங்களை வளர்த்தாள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று சொல்லி எங்களிடமிருந்து குடியுரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தோம் என்று நிரூபித்தால் திருப்பித் தருவார்களாம். எங்கள் பொருளை எங்களுக்கே பிச்சையாக! அம்மாவுக்குக் கிடைத்தால்தான் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் எல்லோரும் நாடற்றவர்கள்.

விசாரணை நுவரெலியாவில் நடந்தது. அம்மா பெட்டியில் இருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். நானும் கூடப் போனேன். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "எத்தனை வருஷமா இங்க இருக்க?"

"தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்ச நாள்லருந்து எங்க மலையில ஆறு கவ்வாத்து பாத்துட்டேனுங்க தொர."

தோட்டத்தில் யார் வருடத்தை எண்ணினார்கள்? கவ்வாத்துதான் கணக்கு. வளர்ந்த தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டி மறுபடி துளிர்க்க விடுவார்கள். ஒரு மலையில் வெட்டினால் மறுபடி அங்கே கத்தி விழ நாலு வருடமாவது ஆகும். ஆறு கவ்வாத்து என்றால் இருபது வருடத்துக்கு மேலே. நாங்கள் குடியிருந்த லயத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு திரியும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கொழும்பிலிருந்து வந்த அந்த மொழிபெயர்ப்பாளர் தேயிலையைக் கோப்பைக்கு வெளியே பார்த்ததில்லை போலிருக்கிறது. கவ்வாத்து என்றால் என்ன என்று கேட்டாரா? கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே! "சிக்ஸ்" என்றார். அதிகாரி ஆறு என்று எழுதினார்.

"ஐயா, அது ஆறு வருசமில்லீங்க, கவ்வாத்து..." என்று நான் வாய் திறந்தேன்.

"உன்னையா கேட்டாங்க? சும்மா நில்லு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

எனக்கு அப்போது பதினாலு வயது. அதே தோட்டத்தில்தான் பிறந்தேன் என்ற சான்றிதழ் அதே மேசைமேல் கிடந்தது. ஆறு வருடத்துக்கு முன் வந்தவள் பதினாலு வருடத்துக்கு முன் இங்கே எப்படிப் பிள்ளை பெற்றாள் என்று அந்த இரண்டு மூளைகளில் ஒன்றுக்குமா தோன்றவில்லை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர்கள் எதிரே நின்ற முழுப் பெண்ணையே மறைத்தார்கள்.

மனு தள்ளுபடியானது. ஆறு வருடம் போதாதாம். ஆட்சேபித்து எழுதினோம். நீங்கள் சொன்னதைத்தான் பதிந்திருக்கிறோம் என்று பதில் வந்தது. படித்துக் காட்டினேன். அம்மா கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நான் சொன்னதுல பாதிய எடுத்துக்கிட்டு மீதிய யாருக்கிட்ட குடுத்தானுங்க?"

அறுபதுகளின் நடுவில் இலங்கையும் இந்தியாவும் பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அம்மா ஒருநாளும் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்தோம். வேறு வழி? விண்ணப்பம் கொடுத்த இடத்திலும் ஒரு மேசை, ஒரு குமாஸ்தா. இந்த நாட்டில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று அவரும் கேட்டார். நான் பதில் சொல்லப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒங்களுக்குத் தோணுறதப் போட்டுக்கங்கய்யா" என்றாள். "எப்புடியும் அதத்தானே எழுதப் போறீங்க."