பீரோ கதவில் வெள்ளைத்துரை

கோரிப்பாளையத்தில் என் சைக்கிள் கடைக்கு அடுத்த வாசல் காசிமாயனுடையது. பெயிண்ட் அடித்த மரச் சாமானில் கீறல் விழுந்தாலும் பள்ளம் விழுந்தாலும் சரிசெய்து கொடுப்பவன். அவன் பேச்சைக் கேட்டால், மதுரையிலுள்ள கட்டில் பீரோவெல்லாம் அவன் கை படுவதற்காகவே போய் எதிலாவது இடித்துக்கொள்வதாகத் தோன்றும். வாயிருந்தால் வங்காளம் போகலாமாம். இவன் போன தூரம் ஊர்க்கோடியிலிருக்கும் கோச்சடை.

தொழிலைக் குறை சொல்ல மாட்டேன். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, அமுங்கிய மரத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒத்துவான். மரம் எழும்பி வரும். மிச்சப் பள்ளத்துக்கு மக்கு வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பெயிண்டில் துளிக் கருப்பு கலந்து பழைய நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். அப்புறம் உட்கார்ந்து தன்னைத்தானே பாராட்டிக்கொள்வான். அதற்குத் தனிக் கூலி கேட்பதில்லை, பெரிய மனசு.

ஊருக்குத்தானே உபதேசம்? அவன் வீட்டுப் பச்சைப் பீரோவைப் பார்த்திருக்க வேண்டும்! அவன் பெண்டாட்டி மாயக்காளுக்கு அவள் அண்ணன் சீராகக் கொடுத்தது. கதவில் மஞ்சள் எழுத்தில் 'அலங்காநல்லூர் வெள்ளைத்துரை அன்பளிப்பு' என்று முழ நீளத்துக்கு இருக்கும். எங்கள் பக்கம் சீர் செய்பவர்கள் சாமானைவிடப் பேரைத்தான் பெரிதாகக் கொடுப்பார்கள். அந்தப் பேருக்குக் குறுக்கே, இந்த மகராசன் சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றும்போது கிழித்த கோடு வருஷக்கணக்காக அப்படியே கிடந்தது.

எண்பத்திரண்டு ஆனியில் சேதி வந்தது. வெள்ளைத்துரை தன் மகனுக்கு மாயக்காளின் மகள் ஜெயக்கொடியைப் பேச வருகிறாராம். மாயக்காளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணன் வாரதுக்குள்ள அந்தக் கோட்டை எடுத்துத் தொலைங்க. நான் குடுத்த பீரோவை இம்புட்டு லட்சணமாவா வச்சிருக்கீகன்னு கேட்டா நாண்டுக்கிட்டுத்தான் சாகணும்" என்றாள்.

"கீறல் இருந்த தடமே தெரியாதுடி" என்றான். சொன்னபடியே செய்தான், படுபாவி! அவள் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பினால் கோடும் இல்லை, பேரும் இல்லை. கதவு முழுக்கப் பச்சை. தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோடு பேரு மேலதானடி கிடந்துச்சு? பெயிண்டு காயட்டும், திரும்ப எழுதிக்கிருவோம்" என்றான்.

பெயிண்ட் காய்வதற்குள் வெள்ளைத்துரை பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அவன் வீட்டில் போய் நின்றேன். சண்டை வந்தால் விலக்கத்தான். வேடிக்கை பார்ப்பதற்கு இல்லை.

வந்த மனுஷன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பீரோவைப் பார்த்தார். "எம்பேரு எங்க மாப்ள?"

"கீறல் எடுத்தேன் மச்சான்..."

"கீறலோட சேத்து மச்சானையும் எடுத்துட்டியாக்கும்? எம்பேரை அழிச்ச வீட்டுல எம்மகன் எதுக்குப் பொண்ணெடுக்கணும்?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

"இந்தா, இப்பவே எழுதிர்றேன்!" காசிமாயன் மஞ்சள் டப்பாவைத் திறந்தான். மாயக்காள் பாய்ந்து பிரஷ்ஷைப் பிடுங்கினாள். அவள் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டதேயில்லை.

"அண்ணே, குடத்துல ஒம்பேரு, அண்டாவுல ஒம்பேரு, நான் சோறு திங்கிற தட்டுலயும் ஒம்பேரு. வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து ஒம்பேரைத்தான் புளி போட்டு விளக்கிக்கிட்டு இருக்கேன். எம்பேரு எதுல இருக்கு, சொல்லு? இந்தச் சம்பந்தத்துக்கு நான் கும்பிடாத சாமி இல்ல. ஆனா கதவுல பேரு இல்லைன்னு எம்மகளை நீ வேணாம்னு சொன்னா, போயிட்டு வாண்ணே."

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். வெள்ளைத்துரை வாசலிலேயே நின்றார். பிறகு திரும்பி வந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆவணியில நாள் பாக்கச் சொல்லிருக்கேன் ஆத்தா. அழுகாத. காப்பியப் போடு."

இந்த இடத்திலாவது வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் காசிமாயன் இல்லையே! "அப்ப யாரு பேரைத்தான் எழுதுறது?" என்றான்.

மாயக்காள் மூக்கைச் சிந்திவிட்டு, பிரஷ்ஷை அவன் கையில் திணித்தாள்.

"இதுல ஒண்ணும் எழுத வேணாம். எம்மகளுக்கு வாங்குற பீரோவுல 'ஜெயக்கொடி'ன்னு எழுதுங்க."